தண்ணீர்க் கணக்கை யார் பார்ப்பது? இங்கிலாந்து சொல்லும் பாடம்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தண்ணீரைப் பற்றி ஒரு பெரிய விவாதம் நடந்தது. "எல்லாத்தையும் தனியார்கிட்ட கொடுத்துட்டா குழாயில தண்ணி டைமுக்கு வரும்" என்று என் தம்பி மகன் எழுதினான். "தண்ணியை விக்கறது பாவம்டா" என்று சித்தி குரல் பதிவு போட்டார். அதே வாரம் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி தன் வீட்டுத் தண்ணீர் பில் ஏறிய கதையைச் சொல்லி, "டீச்சர், இங்க தண்ணிக் கம்பெனி எல்லாமே தனியார்தான். இது எப்படி இப்படி ஆச்சு? எழுதுங்களேன்" என்று கேட்டாள்.

எழுதுகிறேன். பதிவு நீளமானது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குழாய், நீர்த்தேக்கம், சுத்திகரிப்பு நிலையம், சாக்கடை எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாகப் பங்குச் சந்தையில் விற்ற நாடு இங்கிலாந்தும் வேல்ஸும். விற்று 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே "தனியாரிடம் கொடுத்தால் செயல்திறன் கூடுமா" என்ற கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைப் பார்த்தே சொல்லலாம்.

செயல்திறன் என்றால் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே செலவில் அதிகத் தண்ணீர், நல்ல தண்ணீர். அல்லது அதே தண்ணீர் குறைந்த செலவில். அவ்வளவுதான். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வாருங்கள்.

1. முதலில் இருந்ததே தனியார்தான்

பலரும் அங்கே முதலில் அரசு இருந்தது, பிறகு தனியார் வந்தது என்று நினைக்கிறார்கள். கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் நகருக்குத் தண்ணீர் கொடுத்தவை எட்டு தனியார் கம்பெனிகள். அதில் ஒன்றான நியூ ரிவர் கம்பெனியின் கால்வாய் 1613லேயே திறக்கப்பட்டது. தண்ணீர் நாள் முழுக்க வராது. சில மணி நேரம்தான் திறந்து விடுவார்கள். ஏழைகள் தெருக் குழாயடியில் பாத்திரத்தோடு நிற்பார்கள். நமக்குப் பழக்கமான காட்சிதான்.

தெற்கு லண்டனில் லாம்பெத், சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் என்று இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் போட்டி போட்டுக் குழாய் பதித்திருந்தன. பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு வேறு வேறு கம்பெனித் தண்ணீர். இரண்டுமே நகரச் சாக்கடை கலந்த தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுத்து வந்தன. 1852இல் லாம்பெத் கம்பெனி மட்டும் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதிக்கு, சாக்கடை கலக்காத இடத்துக்கு மாற்றிக்கொண்டது. மற்றது பழைய இடத்திலேயே இருந்தது.

1854இல் காலரா வந்தது. டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய், இறந்தவர் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று விசாரித்து எழுதினார். தொற்று பரவிய முதல் ஏழு வாரங்களில் அவர் கண்ட கணக்கு இது: சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் தண்ணீர் குடித்த வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவு. லாம்பெத் தண்ணீர் குடித்த வீடுகளில் 10,000 வீட்டுக்கு 37 சாவு.

இரண்டும் தனியார். இரண்டும் லாபத்துக்கு நடந்தவை. குழாய் இடத்தை மாற்றியதால் ஒன்று ஆளைக் காப்பாற்றியது, மாற்றாததால் மற்றது கொன்றது. ஒரு மருத்துவர் நோட்டுப் புத்தகத்தோடு தெருத் தெருவாக நடக்கும் வரை, எந்தக் கம்பெனி எது என்று குடித்தவர்களுக்குத் தெரியவில்லை.

1866இல் கிழக்கு லண்டனில் மறுபடி காலரா. அந்தப் பகுதிக்குத் தண்ணீர் கொடுத்த கம்பெனியின் பொறியாளர், வடிகட்டாத தண்ணீரை விடவே இல்லை என்று பத்திரிகைக்கு எழுதினார். விசாரணையில் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் குழாயில் விலாங்கு மீன் வந்ததைச் சொன்னார்கள். வடிகட்டிய தண்ணீரில் விலாங்கு எப்படி வரும்? குட்டு உடைந்தது. இந்த விலாங்கை நினைவில் வையுங்கள். கடைசியில் வேறு உருவத்தில் திரும்ப வரும்.

2. ஊராட்சி கைக்கு வந்த கதை

பர்மிங்காம் மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லேன் 1876இல் அந்த ஊர்த் தண்ணீர்க் கம்பெனியை நகராட்சிக்கே வாங்கிவிட்டார். அவர் பொதுவுடைமைக்காரர் இல்லை. திருகாணித் தொழிற்சாலை நடத்திப் பணம் சேர்த்த முதலாளி. ஒரு ஊரில் இரண்டு குழாய் போட்டுப் போட்டி நடத்துவது வீண் செலவு, போட்டியில்லாத தொழிலை லாபக்காரரிடம் விட்டால் ஊரின் ஆரோக்கியம் கெடும் என்பது அவர் கட்சி. ஊர் ஊராக இதே வழியில் போயின. லண்டனில் 1890களில் கிழக்குப் பகுதி வறட்சியில் தவித்த பிறகு, 1902இல் சட்டம் வந்தது. 1904இல் எட்டு கம்பெனிகளும் பொது வாரியத்தின் கைக்கு வந்தன. சில இடங்களில் தண்ணீர் மட்டும் கொடுக்கும் சிறு தனியார் கம்பெனிகள் தொடர்ந்து இருந்தன.

பிறகு 1973 சட்டப்படி 1974இல் நூற்றுக்கணக்கான ஊர் அமைப்புகளை ஒன்றாக்கி, ஆற்றுப் படுகைகளை எல்லையாக வைத்து 10 வட்டார நீர் ஆணையங்கள் ஏற்படுத்தினார்கள். நதி ஒன்று, பொறுப்பு ஒன்று. யோசனை அருமையானது.

ஆனால் காசு வரவில்லை. 1976இல் பிரிட்டன் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்கும் நிலைக்குப் போனது. அரசுச் செலவை வெட்ட வேண்டியதாயிற்று. மண்ணுக்கடியில் இருக்கும் குழாயை வெட்டினால் உடனே யாருக்கும் தெரியாது. ஆகவே அங்கேதான் கத்தி விழுந்தது. விக்டோரியா மகாராணி காலத்துக் குழாய்கள் அப்படியே கிடந்தன. கடற்கரைகளில் கழிவுநீர் கலந்தது. நதியைக் கெடுத்தால் வழக்குப் போட வேண்டியதும் அதே ஆணையம், நதியைக் கெடுப்பதும் அதே ஆணையம். தன் மேல் தானே வழக்குப் போடுவார்களா?

1988 ஜூலையில் கார்ன்வால் பகுதியில் கேமல்ஃபோர்டு என்ற ஊருக்குத் தண்ணீர் தரும் நிலையத்தில், புதிதாக வந்த ஒரு லாரி டிரைவர் 20 டன் அலுமினியம் சல்பேட்டைத் தவறான தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். சுமார் 20,000 பேர் குடிக்கும் தண்ணீர். இரண்டு வாரத்துக்கு மேல் ஊர் மக்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. அன்றைக்கு அதை நடத்தியது அரசு ஆணையம். தனியார்மயம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம்.

சித்தி, இதைக் கவனியுங்கள். அரசு கையில் இருந்தபோதும் மூடி மறைத்தார்கள்.

3. 1989 விற்பனை

மார்கரெட் தாட்சர் அரசு 1989இல் சட்டம் போட்டு 10 ஆணையங்களையும் கம்பெனிகளாக்கி, டிசம்பரில் பங்குகளை விற்றது. விற்றுக் கிடைத்தது சுமார் 760 கோடி பவுண்டு. ஆனால் விற்கும் முன் அவற்றின் கடனில் சுமார் 500 கோடி பவுண்டை அரசே தள்ளுபடி செய்தது. அதோடு சுற்றுச்சூழல் வேலைகளுக்கு என்று சுமார் 150 கோடி பவுண்டு கையில் கொடுத்தது. வீட்டுக் கடனை அடைத்து, வெள்ளையடிக்கக் காசும் கொடுத்து வீட்டை விற்பது போல. புதுக் கம்பெனிகள் ஏறக்குறைய கடனில்லாமல் பிறந்தன. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல காரியமும் அதே சட்டத்தில் நடந்தது. நடத்துபவரையும் கண்காணிப்பவரையும் பிரித்தார்கள். விலையைக் கட்டுப்படுத்த ஆஃப்வாட், குடிநீர்த் தரத்துக்குத் தனி ஆய்வகம், நதிகளுக்குத் தனி ஆணையம். விலை எவ்வளவு ஏறலாம் என்பதை ஆஃப்வாட் ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிர்ணயிக்கும். அதற்குள் கம்பெனி செலவைக் குறைத்தால் மிச்சம் கம்பெனிக்கு. அடுத்த ஐந்தாண்டில் அந்தக் குறைந்த செலவை வைத்து மக்களுக்கு விலை குறைக்கப்படும். போட்டி இல்லாத இடத்தில் போட்டிக்குப் பதிலாக, பத்துக் கம்பெனிகளின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அவன் செய்கிறான், உன்னால் ஏன் முடியவில்லை" என்று கேட்பது. வகுப்பில் நாங்கள் செய்ததுதான்.

4. செயல்திறன் கூடியதா?

பணம் வந்தது, சந்தேகமில்லை. அரசின் கடன் வரம்பிலிருந்து விடுபட்டதால் முதலீடு ஏறக்குறைய இரட்டிப்பானது. ஐரோப்பியச் சட்டங்கள் கேட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. குடிநீர்த் தரம் உயர்ந்தது. பல கடற்கரைகள் குளிக்கத் தகுந்தவையாயின. இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் பணம் போட்டால் வேலை நடப்பது முதலீடு. செயல்திறன் வேறு. டேவிட் சால், டேவிட் பார்க்கர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1985 முதல் 1999 வரையிலான கணக்குகளை ஆராய்ந்தார்கள். ஆள் ஒருவருக்கு வேலை கூடியிருந்தது. ஆனால் ஆள், இயந்திரம், பொருள், முதலீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், விற்பனைக்குப் பிறகு உற்பத்தித்திறன் வளர்ச்சி வேகமெடுத்ததற்குச் சான்று இல்லை என்றார்கள். லாபம் கூடியதற்குக் காரணம், செலவு ஏறியதை விட விலை அதிகமாக ஏறியது.

புரியாதவர்களுக்கு ஒரு உதாரணம். பத்துப் பேர் நாற்று நட்ட வயலில் இப்போது மிஷின் நடவு. இரண்டு பேர் போதும். "ஆள் ஒருவருக்கு ஐந்து மடங்கு வேலை" என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் மிஷின் வாடகை, டீசல், தட்டு நாற்றுச் செலவு எல்லாம் கூட்டினால் ஏக்கருக்கு ஆன செலவு குறைந்ததா? அதுதான் கேள்வி. ஆள் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம்.

கம்பெனிகள் தரப்பில், தண்ணீரின் தர உயர்வையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், அப்படிப் பார்த்தால் திறன் கூடியிருக்கிறது என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஆய்வுகளில் ஒன்று தெரிகிறது. முன்னேற்றம் வந்த காலம், ஆஃப்வாட் பிடியை இறுக்கிய 1990களின் பிற்பகுதி. 2000இல் விலையைச் சராசரியாக 12 சதவீதம் குறைக்க வைத்தார்கள். உரிமை மாறிய 1989ஐ விட, பிடி இறுகிய ஆண்டுகள்தான் செலவைக் குறைத்தன. மொத்தத்தில் 2015 வாக்கில் வீட்டுப் பில் பணவீக்கத்தைக் கழித்த பிறகும் 1989ஐ விட சுமார் 40 சதவீதம் அதிகமாக இருந்தது.

5. எண்ணியதும் திருந்தியது

குழாய்க் கசிவைப் பாருங்கள். விற்பனைக்குப் பிறகு 1994-95இல் நாள் ஒன்றுக்கு சுமார் 500 கோடி லிட்டர் மண்ணில் வீணானது. 1995 கோடையில் யார்க்ஷயரில் மழை பொய்த்தது. பக்கத்து வட்டாரத்திலிருந்து நூற்றுக்கணக்கான லாரிகளில் இரவு பகலாகத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அங்கிருந்த கம்பெனியின் நிர்வாகத் தலைவர், நானே மாதக்கணக்கில் குளிக்கவில்லை என்று மக்களுக்கு முன்மாதிரி காட்டினார். பிறகு பார்த்தால், மனிதர் வட்டாரத்துக்கு வெளியே உறவினர் வீட்டில் போய்க் குளித்திருக்கிறார். நாடே சிரித்தது, கொதித்தது.

1997இல் புது அரசு வந்ததும் ஒவ்வொரு கம்பெனிக்கும் கசிவுக்குக் கட்டாய இலக்கு வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே கம்பெனி, அதே குழாய், அதே முதலாளி. இலக்கை எட்டியதும் அழுத்தம் தளர்ந்தது, நெடுங்காலம் நாளைக்கு 300 கோடி லிட்டர் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

பில் கட்டாதவர் வீட்டுக் குழாயை வெட்டுவதும் அப்படித்தான். 1991-92இல் 20,000 வீடுகளுக்கு மேல் தண்ணீரை நிறுத்தினார்கள். எண்ணிக்கை வெளியானது, எதிர்ப்பு எழுந்தது. 1999 சட்டத்தில் குடியிருப்பு வீட்டின் தண்ணீரை நிறுத்தவே கூடாது என்று தடை வந்தது.

6. எண்ணாமல் விட்டது: கடன்

முதல் ஐந்தாண்டுகள் அரசு ஒரு தனி உரிமைப் பங்கை வைத்திருந்தது. யாரும் கம்பெனியை முழுசாக வாங்க முடியாது. 1994 முடிவில் அது முடிந்தது. கைமாற்றம் தொடங்கியது. ஒரு உதாரணம், வெசெக்ஸ் நீர் நிறுவனம். 1998இல் அமெரிக்காவின் என்ரான் வாங்கியது. மகாராஷ்டிரத்து தபோல் மின் நிலையப் பிரச்சினையில் நாம் கேள்விப்பட்ட அதே என்ரான். 2001இல் என்ரான் திவாலானதும் 2002இல் மலேசியாவின் ஒய்.டி.எல். குழுமத்துக்குப் போனது. இன்று பத்தில் மூன்று மட்டுமே பங்குச் சந்தையில் இருக்கின்றன.

வாங்கியவர்கள் கண்டுபிடித்த ஒரு வழி இது. ஆஃப்வாட் விலை நிர்ணயிக்கும்போது, ஒரு கம்பெனி இவ்வளவு கடன், இவ்வளவு சொந்தப் பணம் வைத்திருக்கும் என்று ஒரு மாதிரிக் கணக்கு வைத்துக்கொள்ளும். சொந்தப் பணத்தை விடக் கடன் மலிவு. வட்டிக்கு வரிச் சலுகையும் உண்டு. ஆகவே மாதிரிக் கணக்கை விட அதிகமாகக் கடன் வாங்கினால் வித்தியாசம் முதலாளிக்கு. அந்தக் கடனை எவ்வளவு வரை வாங்கலாம் என்று நெடுங்காலம் யாரும் கெடுபிடியாகக் கேட்கவில்லை.

லண்டனுக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தை 2006 முதல் 2017 வரை ஆஸ்திரேலியாவின் மக்வாரி தலைமையிலான முதலீட்டாளர்கள் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. ஈவுத்தொகையும் தாராளமாகப் போனது. 2022இல் பணவீக்கம் ஏறியபோது, பணவீக்கத்தோடு கட்டப்பட்ட கடன்கள் தாமாகவே பெருத்தன. வட்டியும் ஏறியது. 1,500 கோடி பவுண்டுக்கு மேல் கடனில் தத்தளித்த நிறுவனத்துக்கு 2025இல் நீதிமன்ற ஒப்புதலோடு 300 கோடி பவுண்டு அவசரக் கடன் ஏற்பாடானது. சுமார் 1.6 கோடி மக்களுக்கு வேலை செய்யும் நிறுவனம் அது. கடனில்லாமல் பிறந்த பத்துக் கம்பெனிகளுக்கும் சேர்த்து இன்று கடன் 6,000 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் இங்கிலாந்தில் 1992இல் திறந்த கார்சிங்டன் நீர்த்தேக்கத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய நீர்த்தேக்கம் ஒன்றுகூடக் கட்டி முடிக்கப்படவில்லை. அதன் வேலையும் விற்பனைக்கு முன்பே தொடங்கியது. நீர்த்தேக்கம் கட்ட இருபது ஆண்டு ஆகும். ஐந்தாண்டுக் கணக்குக்குள் அது அடங்காது.

7. தன் விடைத்தாளைத் தானே திருத்தியது

இனி விலாங்கு கதைக்கு வருவோம்.

அங்கே பழைய ஊர்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகும். பெருமழையில் குழாய் நிரம்பினால் வீடுகளுக்குள் கழிவு ஏறாமல் இருக்க, நதிக்குத் திறந்துவிடும் வழிகள் சுமார் 14,000 உண்டு. பெருமழைக்கு மட்டும் என்பது சட்டம். ஆனால் எப்போது திறக்கிறார்கள் என்று யார் பார்த்தது? 2010இல் இந்த வழிகளில் 7 சதவீதத்தில் மட்டுமே அளவுமானி இருந்தது. அதே காலத்தில், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை மாதிரி எடுத்துச் சோதிக்கும் வேலையையும் கம்பெனிகளிடமே ஒப்படைத்தார்கள். செலவு மிச்சமாம். தேர்வு எழுதிய பிள்ளையிடமே விடைத்தாளைக் கொடுத்துத் திருத்தச் சொல்வதை எந்தப் பள்ளிக்கூடத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

என்ன ஆகும் என்பதற்கு சதர்ன் வாட்டர் உதாரணம். மாதிரி எடுக்க வேண்டிய நாளில், கழிவை லாரியில் வேறு நிலையத்துக்கு அனுப்பி, வெளியேறும் நீரே இல்லாமல் செய்துவிடுவார்கள். நீரே இல்லையென்றால் மாதிரி ஏது? தப்பான கணக்குக் காட்டியதற்காக 2019இல் ஆஃப்வாட் 12.6 கோடி பவுண்டு கட்ட வைத்தது. அதில் பெரும்பகுதி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பப் போனது. கழிவைக் கடலில் விட்டதற்காக 2021இல் நீதிமன்றம் 9 கோடி பவுண்டு அபராதம் போட்டது.

இன்னொரு சம்பவம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் விண்ட்ரஷ் என்று ஒரு சின்ன நதி. கலங்கிய நிறத்தைப் பார்த்துப் பொறுக்காமல் கரையில் வாழ்ந்த சிலர் ஒரு குழு சேர்த்தார்கள். அதில் பீட்டர் ஹேமண்ட் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். தகவல் அறியும் சட்டத்தில் நிலையங்களின் நீரோட்டக் கணக்கைக் கேட்டு வாங்கி, கணினியை வைத்துப் பிரித்துப் பார்த்தார். இரண்டே நிலையங்களில், சுமார் பத்தாண்டுக் காலத்தில், யாரும் பதிவு செய்யாத 926 கழிவு வெளியேற்றங்கள் இருக்கலாம் என்று 2021இல் ஆய்விதழில் வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் அரசு அமைப்புகள் பெரிய விசாரணையைத் தொடங்கின. 1866இல் குழாயில் வந்த விலாங்கு, இந்த முறை எண் வடிவத்தில் வந்தது.

2023 முடிவில் எல்லா வழிகளுக்கும் அளவுமானி பொருத்தி முடித்தார்கள். அந்த ஒரே ஆண்டில் 4,64,056 முறை, மொத்தம் 36 லட்சம் மணி நேரம், நதிகளிலும் கடலிலும் கழிவு விடப்பட்டிருந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 2024 டிசம்பரில் ஐந்தாண்டுகளில் பில்லைச் சராசரியாக 36 சதவீதம் உயர்த்த ஆஃப்வாட் அனுமதித்தது. என் மாணவி கேட்ட பில் இதுதான். 2025 மே மாதம் தேம்ஸ் வாட்டருக்கு 12 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம். ஜூலையில் ஜான் கன்லிஃப் தலைமையிலான குழுவின் அறிக்கை வந்ததும், ஆஃப்வாட்டையே கலைத்துப் புது அமைப்பு ஏற்படுத்துவதாக அரசு அறிவித்தது.

8. அப்படியானால் அரசே நல்லதா?

ஸ்காட்லாந்தில் விற்கவில்லை. 1994இல் ஸ்ட்ராத்கிளைடு வட்டாரத்தில் அஞ்சல் வழி வாக்கெடுப்பு நடத்தியபோது வாக்களித்தவர்களில் 97 சதவீதம் பேர் தனியார்மயத்தை எதிர்த்தார்கள். இன்றும் அங்கே பொதுத்துறைதான். 2002இல் ஒன்றான ஸ்காட்டிஷ் வாட்டர், அடுத்த சில ஆண்டுகளில் நடைமுறைச் செலவைப் பெருமளவு குறைத்தது. எப்படி? அங்கேயும் தனிக் கண்காணிப்பு ஆணையம் இருந்தது. இங்கிலாந்துக் கம்பெனிகளின் செலவைக் காட்டி, நீயும் குறை என்றது. தனியாரோடு ஒப்பிட்டு அரசு நிறுவனம் திருந்தியது!

ஆனால் கழிவு வெளியேற்றத்தை எண்ணுவதில் ஸ்காட்லாந்து மிகவும் பின்தங்கியிருந்தது. அளவுமானி இல்லாத இடத்தில் நதி சுத்தம் என்று யாரும் மார்தட்ட முடியாது. வேல்ஸில் 2001 முதல் பங்குதாரர்களே இல்லாத கிளாஸ் கம்ரி என்ற அமைப்பு நடத்துகிறது. லாபம் எடுத்துப் போக ஆளில்லை. அதுவும் கசிவுக் கணக்கைத் தப்பாகக் காட்டியதற்காக 2024இல் 4 கோடி பவுண்டு கொடுக்க வேண்டி வந்தது.

நான் முடிவாகச் சொல்ல வருவது இதுதான். தண்ணீர் போட்டி இல்லாத தொழில். பால் பாக்கெட் பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். குழாய் ஒன்றுதான். அப்படிப்பட்ட தொழிலில் முதலாளி பெயர் மாறுவதால் மட்டும் செயல்திறன் வருவதில்லை. வெளியாள் ஒருவர் எண்ணி, அந்த எண்ணை ஊருக்குச் சொல்லும்போது வருகிறது. காலராச் சாவு, கசிவு, இணைப்புத் துண்டிப்பு, குடிநீர்த் தரம் எல்லாம் எண்ணியபோது திருந்தின. கடனையும் கழிவையும் எண்ணாமல் விட்டார்கள். அதற்கான விலையை இப்போது அங்கே நம் பிள்ளைகள் உட்பட எல்லோரும் பில்லில் கட்டுகிறார்கள்.

9. நமக்கு

நம் பக்கத்திலும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. கோவை மாநகராட்சி 24 மணி நேரக் குடிநீருக்காக 2018இல் பிரான்சின் சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் செய்தபோது ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது இங்கிலாந்து போல விற்பனை இல்லை. வினியோகப் பணியை ஒப்படைப்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான். அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும் கேளுங்கள்:

எவ்வளவு தண்ணீர் ஏற்றுகிறார்கள், எவ்வளவு வீட்டுக்கு வந்து சேர்கிறது, நடுவில் போனது எவ்வளவு?

அதை அளப்பது யார்? நடத்துபவரேவா, வெளியாளா?

அந்தக் கணக்கு நாம் படிக்கிற மாதிரி வெளியிடப்படுகிறதா?

கடன் யார் பெயரில் இருக்கிறது? நடத்துபவர் விட்டுப் போனால் அடைப்பது யார்?

கழிவுநீர் எங்கே போகிறது?

தம்பி மகனுக்கு: தனியார் வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பாதே. சித்திக்கு: அரசு கையில் இருந்தால் தானாக நல்லது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால்தான் பதில் வரும். கேட்க வயது தடையில்லை. விண்ட்ரஷ் நதிக்கரையில் கணக்குக் கேட்டவர்களில் ஓய்வுபெற்றவர்களும் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் பகுதி எந்த நிறுவனம், பில் எவ்வளவு ஏறியது என்று கமெண்டில் எழுதுங்கள். ஊரில் இருப்பவர்கள், உங்கள் தெருவுக்கு வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று ஒரு மாதம் நோட்டில் குறித்துவிட்டு எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம் போல நான் திருத்திக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்